படம் போட வராதவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை: குழுவோடு வரையத் தொடங்குவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் ரெக்கார்டு நோட்டில் தவளையின் ஜீரண மண்டலம் வரைந்து கொண்டுபோனேன். டீச்சர் நோட்டை வகுப்புக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்து, "இது தவளையா, கட்டைப் பையா?" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் என் ரெக்கார்டு படங்களைத் தங்கைதான் போட்டுக் கொடுத்தாள். பதிலுக்கு அவளுடைய வீட்டுக்கணக்கை நான் போட்டேன். இன்றைக்கு நான் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தத் தவளைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் படியில், முன்பின் தெரியாத பதினோரு பேரோடு உட்கார்ந்து மைய மண்டபத்தை வரைந்தேன். மண்டபம் ஒரு பக்கம் சாய்ந்தது. கோபுரம் பூண்டு மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று எழுத வந்தேன், அது பொய். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லாருடைய கோபுரமும் ஏதோ ஒரு காய்கறி மாதிரிதான் இருந்தது.

"எனக்கெல்லாம் ஒரு கோடு நேராகப் போடத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓவியர் ஆவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு குழுவில் போய் உட்கார்ந்து, போட்டதை நாலு பேரிடம் காட்டிவிட்டு, கூச்சப்படாமல் வீட்டுக்கு வருவது எப்படி என்று மட்டும் தெரியும்.

வீட்டில் தனியாக ஏன் வரையக் கூடாது?

வரையலாம். யூடியூப் பார்த்து வரைந்தால் கை பழகும். ஆனால் யூடியூபில் வரைகிறவரின் கோடு ஒரே இழுப்பில் வந்து விழும். அதைப் பார்த்துவிட்டு நம் கோட்டைப் பார்த்தால் பென்சிலை ஜன்னல் வழியாக எறியத் தோன்றும். உங்களுக்குள் உட்கார்ந்து "இது உனக்கு வராது" என்று சொல்கிற ஆள், தனியறையில் இன்னும் தெம்பாகத்தான் இருப்பார்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 'என்னால் இது முடியும்' என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறது என்பது அவர் கணக்கு. நாமே ஒன்றைச் செய்து முடிப்பது முதல் வழி. நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை மூன்றாவது. செய்கிற நேரத்தில் நெஞ்சு படபடக்கிறதா, நிதானமாக இருக்கிறதா என்பது நாலாவது. முதல் வழிக்கு வலு அதிகம், வெறும் வார்த்தைக்கு வலு குறைவு என்றும் சொன்னார்.

எனக்கு இதில் பிடித்தது இரண்டாவது வழி. 'நம்மைப் போன்ற' என்பதுதான் அதில் முக்கியம். பெரிய ஓவியர் வரைவதைப் பார்த்தால் மலைப்பு வரும், தைரியம் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பேக்கரி அண்ணன் தூணைக் கோணலாகப் போட்டு, முகத்தைச் சுளித்து, அப்புறம் அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டு நகர்கிறார் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் நம் கை தானாக நகரும். அதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குழுவைப் பிடிப்பது

வெளியில் போய், கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே வரைகிற குழுக்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கி வைத்தவர் கேப்ரியல் காம்பனாரியோ. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டிலில் பத்திரிகை வேலை பார்த்தவர். 2007-இல் படங்களைப் பகிர்கிற ஃப்ளிக்கர் இணையதளத்தில் ஒரு குழுவாக ஆரம்பித்தது, பிறகு லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவானது. அவர்களுக்கு எட்டு அம்சக் கொள்கை ஒன்று உண்டு. நேரில் பார்த்து வரைய வேண்டும், பார்த்ததற்கு உண்மையாக இருக்க வேண்டும், எந்தப் பொருளாலும் வரையலாம், ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்து வரைய வேண்டும் என்று போகும். அழகாக வரைய வேண்டும் என்று எட்டில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

உங்கள் ஊர்ப் பெயரோடு 'ஸ்கெட்ச்' என்று சேர்த்து இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் தேடுங்கள். நூலகத்தில் கேளுங்கள். டிராயிங் பொருள் விற்கும் கடைக்காரரைக் கேட்பது இன்னும் சுலபம், நோட்டு வாங்குகிறவர்கள் யார் யாரென்று அவருக்குத் தெரியும். நான் அப்படித்தான் பிடித்தேன்.

சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கடைசியில் எல்லாரும் படத்தைக் காட்டுவீர்களா? அதைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்?" மதிப்பெண், பரிசு, 'இந்த வார பெஸ்ட்' என்று பதில் வந்தால் அது வேறு வகைக் குழு. தப்பில்லை. ஆனால் நமக்கு இப்போது அது வேண்டாம். கட்டணம் வாங்கும் வகுப்பும் வேறு, அங்கே வாத்தியார் ஒருவர் இருப்பார். நான் சொல்கிற குழுவில் வாத்தியார் இல்லை. தேநீருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவதோடு சரி.

பையில் என்ன இருக்க வேண்டும்

இந்த இடத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வாட்டர் கலர் டப்பா, ஸ்டாண்டு, பிரஷ் என்று வாங்கிவிடுவார்கள். அவ்வளவு விலை கொடுத்த பிறகு முதல் பக்கத்தைக் கெடுக்க மனசு வராது. நோட்டு அப்படியே புதுசாக இருக்கும்.

என் முதல் நாள் செலவு 140 ரூபாய். ஒரு டிராயிங் நோட்டு, ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பால்பாயிண்ட் பேனா. பரீட்சை அட்டை அவசியம், படியில் உட்கார்ந்து மடியில் வைத்து வரைய வேறு எதுவும் அவ்வளவு தோதுப்படாது. காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க இரண்டு பைண்டர் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று அர்த்தம். ஜெராக்ஸ் கடைத் தாள் 70, 75 இருக்கும், ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி சுருங்கும். 150 இருந்தால் பேனாவையும் கொஞ்சம் வண்ணத்தையும் தாங்கும். வாட்டர் கலரை நிறைய தண்ணீரோடு ஓடவிட வேண்டுமென்றால் 300. முதல் மூன்று மாதத்துக்கு 150 தாராளம்.

ரப்பர் கொண்டுவராதீர்கள். இதை நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ரப்பர் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் அழிப்பதிலேயே போகும். பேனாவால் போட்டால் கோடு தப்பாகப் போனாலும் அங்கேயே இருக்கும். பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசையுள்ளது, பிறகு மேலே வண்ணம் பூசினாலும் கரைந்து ஓடாது. ஜெல் பேனாவில் பல கரையும்.

அப்புறம் தொப்பி, தண்ணீர், உட்கார ஒரு பழைய செய்தித்தாள். காலை ஏழு மணிக்குக் கல் ஜில்லென்று இருக்கும், ஒன்பதரைக்குத் தோசைக்கல்.

முதல் ஞாயிறு

பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுங்கள். எல்லாரும் உட்கார்ந்து குனிந்து வரைந்துகொண்டிருக்கும்போது நடுவில் போய் "வணக்கம்" சொல்வது கஷ்டம். ஆரம்பத்திலேயே போனால், "புதுசா? வாங்க, இங்க நிழல் இருக்கு" என்று யாராவது இடம் காட்டுவார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வரையும்போது அவர் பக்கத்தில் உட்காராதீர்கள், பேசியே பொழுது போய்விடும்.

எங்கள் குழு தொடங்குவது ஒரு விளையாட்டோடு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, தாளைப் பார்க்காமல், பேனாவை எடுக்காமல், இரண்டு நிமிஷம் வரைய வேண்டும். யார் வரைந்தாலும் மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். முப்பது வருஷம் வரைந்தவருக்கும் அப்படித்தான். பயம் அங்கேயே பாதி போய்விடும், ஏனென்றால் 'நன்றாக வரைவது' என்ற பேச்சே அந்த இரண்டு நிமிஷத்தில் கிடையாது. அத்தோடு இன்னொன்றும் நடக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை இரண்டு நிமிஷம் முழுசாகப் பார்த்துவிடுகிறோம். அதற்கப்புறம் பேச்சு தானாக வரும்.

பிறகு படம். எதிரே தெரிகிற எல்லாவற்றையும் போட முயலாதீர்கள். தெப்பக்குளம் 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் இங்கே தோண்டும்போது கிடைத்தவர் என்பது ஊர்ப்பேச்சு. அவ்வளவு பெரிய குளத்தை உள்ளங்கை அகலத் தாளில் கொண்டுவர முதல் நாளே ஆசைப்பட்டால் மண்டபம் பட்டாணி அளவுக்குப் போய்விடும். இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு ஜன்னல் செய்யுங்கள். அதில் எது பிடிக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். ஒரு தூண் போதும். படியில் கழற்றி விட்ட செருப்புகூடப் போதும்.

வெயிலையும் கவனியுங்கள். காலையில் மேற்குக் கரையில் உட்கார்ந்தால் சூரியன் எதிரே இருக்கும், மண்டபம் கரும் நிழலாகத் தெரியும். விவரம் எதுவும் தெரியாது, வெளிக்கோடு மட்டும்தான். புதியவர்களுக்கு அதுதான் சுலபம். பழகியவர்கள் கிழக்குக் கரைக்குப் போவார்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்து விழும், தூண் தூணாகத் தெரியும்.

அளவு பார்க்க, கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பேனாவை நிமிர்த்திப் பிடியுங்கள். தூணின் அகலம் பேனாவில் எவ்வளவு வருகிறது என்று நகத்தால் குறித்துக்கொண்டு, உயரத்தில் அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். கை மடங்கக் கூடாது, மடங்கினால் அளவு மாறிவிடும். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனபோதுதான் இதன் அருமை எனக்குத் தெரிந்தது. அங்கே தூண்கள் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கனம். ஆனால் தூண் என்றதும் நம் மனசில் ஒல்லியாக, உயரமாக ஒன்று நிற்கிறது, கை அதைத்தான் போடுகிறது. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தீக்குச்சி வரைந்திருந்தோம்.

நாற்பத்தைந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேரை முக்கால் மணி நேரம் இஷ்டம்போல் கலைப்பொருள் செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஹார்மோன் அது. நாலில் மூன்று பேருக்கு அளவு இறங்கியிருந்தது. ஏற்கெனவே பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் கால் மணி நேரத்தில் இருக்கிற நடுக்கம் முப்பதாவது நிமிஷத்தில் இருப்பதில்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன். எழுந்து ஓடத் தோன்றினால் அரை மணி வரைக்கும் பொறுத்துப் பாருங்கள்.

படத்தின் மூலையில் தேதி, இடம், மணி எழுதுங்கள். பெயர் எழுதக் கூச்சமாக இருந்தால் விடுங்கள். தேதி கட்டாயம்.

தரையில் விரிக்கிற நேரம்

எல்லாம் இங்கேதான் நடக்கிறது. மற்றதெல்லாம் இதற்கு வருகிற வழி.

வரைந்து முடித்ததும் எல்லாரும் நோட்டைத் திறந்து படியில் வரிசையாக வைப்போம். கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டுவதில்லை. கையில் இருந்தால் ஆளின் முகம் தெரியும், படத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவோம். தரையில் வைத்துவிட்டால் பன்னிரண்டு மண்டபம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், யாருடையது எது என்பது இரண்டாம் பட்சம் ஆகிவிடும்.

எங்கள் குழுவில் முதல் நாள் வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வாரமும் மடித்தான். மூன்றாம் வாரம் தாளைக் குப்புற வைத்தான். நாங்கள் குப்புற வைத்ததையும் ஒரு படமாகவே எண்ணித் தாண்டிப் போனோம். நாலாம் வாரம் திருப்பி வைத்தான். வாழைத்தாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற ஒருவர், பின்னாலிருந்து பார்த்தது. தாரின் பாரத்துக்குப் பின் சக்கரம் லேசாக அமுங்கியிருப்பதைப் போட்டிருந்தான். அதைத்தான் எல்லாரும் பார்த்தோம். "டயர் அமுங்குறத எப்படிப்பா பார்த்த?" என்று ஒரு அக்கா கேட்டார். "எங்க கடைக்கு அப்படித்தான் அக்கா வரும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அந்த அக்கா "சூப்பர்டா தம்பி" என்று சொல்லியிருந்தால் அவன் தலையைக் குனிந்திருப்பான். சூப்பர் என்ற வார்த்தையை எங்கள் குழுவில் கிட்டத்தட்டத் தடை செய்திருக்கிறோம். 'சூப்பர்' வாங்கினவருக்கு அடுத்த வாரமும் அதை வாங்க வேண்டுமே என்ற கவலை வருகிறது. வாங்காதவருக்கு நம்முடையது மட்டமோ என்று வருகிறது. பதிலாக, கண்ணுக்குப் பட்டதைச் சொல்லுங்கள். "என் கண் முதலில் இந்த மூலைக்குப் போச்சு." "இந்த நிழலை நான் அங்கே கவனிக்கவே இல்லை." "இது எப்படிப் போட்டீங்க?" இந்த மூன்று வாக்கியத்தை வைத்தே ஒரு வருஷம் ஓட்டலாம்.

உங்கள் படத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் முறைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். "ஐயோ என்னோடது கேவலமா இருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது என்ற கணக்கு அது. ஆனால் கேட்பவர்களுக்கு, "இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்று ஆறுதல் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. எங்கே சிக்கினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "இந்தப் படி எனக்குப் பின்னால் போகவே மாட்டேங்குது." உடனே இரண்டு பேர் தங்கள் படத்தில் படியை எப்படிச் சமாளித்தார்கள் என்று காட்டுவார்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் எழுதியே வைத்திருக்கிறோம்: அடுத்தவர் தாளில் யாரும் பேனா வைக்கக் கூடாது. அது வந்த கதை என்னுடையது. இரண்டாவது மாதத்தில், முறையாகப் படித்த ஒருவர் எங்களோடு வந்திருந்தார். நல்ல மனிதர். என் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி வரணும்மா" என்று என் நோட்டை வாங்கி, அவர் பேனாவால் கோபுரத்தைத் திருத்தினார். கோபுரம் பிரமாதமாகிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் இனி என்னுடையது இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. வீட்டில் வேலை என்று சொன்னேன். பிறகு ஒருநாள் குழுவில் இதை வாய்விட்டுச் சொன்னபோது, எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேருக்கு அப்படி நடந்திருப்பது தெரிந்தது. இப்போது யாருக்காவது காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் தனித் தாளில் போட்டுக் காட்டுவது வழக்கம்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். முதல் நாள், எல்லாரும் மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் திரும்பி உட்கார்ந்து ரோட்டோரக் கரண்ட் கம்பத்தை வரைந்தார். கோடு நடுங்கியது. ஆனால் குறுக்குச் சட்டம், அதன் மேல் பீங்கான் கிண்ணங்கள், கம்பி எந்தப் பக்கம் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அச்சாக இருந்தன. கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் போட்டிருந்தார். அது எதற்கு என்று நான் கேட்டேன். மேலே தப்பித்தவறிக் கம்பியில் கரண்ட் ஏறிவிட்டாலும், கீழே நாம் கை வைக்கிற இடத்துக்கு வராமல் அந்தப் பீங்கான் தடுக்கும் என்றார். நாற்பது வருஷமாக அந்தக் கம்பிகளுக்குக் கீழே நடந்திருக்கிறேன், அந்த முட்டையை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கால் மணி நேரம் அவர்தான் பேசினார், நாங்கள் கேட்டோம். அடுத்த வாரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

எதை வரைவது என்று தெரியாமல் நிற்கிற புதியவர்களுக்கு அதனால் நான் சொல்வது: உங்கள் தொழிலில் கை வைத்த பொருள் எதிரே இருக்கிறதா பாருங்கள். தையல் தெரிந்தவர் புடவையின் மடிப்பைப் போடட்டும். சமைக்கிறவர் பருத்திப்பால் வண்டியில் இருக்கிற பாத்திரத்தைப் போடட்டும். தெரிந்த பொருளை வரையும்போது கண் பொய் சொல்லாது.

வேடிக்கை பார்க்கிறவர்கள்

வருவார்கள். முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். "எந்தப் பத்திரிகை?" என்பார்கள், "எவ்வளவுக்கு விப்பீங்க?" என்பார்கள். நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் பிரபலம். மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகர் படம் போட்ட டிஷர்ட்டை மாட்டி, பலர் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று டிஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது நாலில் ஒருவர்தான்.

சும்மா நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்து ஒரு புன்னகை, பிறகு வேலை. கேள்வி கேட்டால், "பழகிட்டு இருக்கேங்க" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அவரால் நம்மை ஒன்றும் சொல்ல முடியாது. குறை சொல்கிறவர் எப்போதாவது வருவார். "கோபுரம் அப்படியா இருக்கு?" என்றால், "இல்லைங்க, எனக்கு அப்படித்தான் வந்துச்சு" என்பேன். இந்த வாக்கியத்தை முதல் தடவை குரல் நடுங்காமல் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது.

பெண்கள் சுவரை ஒட்டி, முதுகுப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாதபடி உட்காருவது நல்லது. பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைக் குழு முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இது இல்லாததால்தான் பாதிப் பெண்கள் இரண்டாம் வாரம் வருவதில்லை. மகால் மாதிரி நினைவுச் சின்னங்களில் வாசலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கோயிலென்றால் உள்ளே வேண்டாம், வெளியே சித்திரை வீதியிலிருந்து கோபுரம் போட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, வண்டிகளும் வராது.

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால்

மூன்று பேர் போதும். ஒரு இடம், ஒரு கிழமை, ஒரு மணி. இந்த மூன்றையும் மாற்றாதீர்கள். "இந்த வாரம் எங்கே போகலாம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் முப்பது செய்தி வரும், ஆள் வராது. நாங்கள் முதல் மூன்று மாதம் தெப்பக்குளத்தை விட்டு அசையவில்லை. ஒரே மண்டபத்தைப் பன்னிரண்டு தடவை வரைந்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. முதல் படத்தையும் பன்னிரண்டாவது படத்தையும் பக்கத்தில் வைத்தால், தேறியிருக்கிறோமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேதி எழுதச் சொன்னது இதற்குத்தான்.

ஒருவரே எப்போதும் தலைமை தாங்கினால் மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். நேரம் பார்த்து "போதும், விரிக்கலாம்" என்று சொல்கிற வேலையை வாரம் ஒருவருக்குக் கொடுங்கள். கூச்சம் அதிகம் உள்ளவருக்கு முதலில் கொடுங்கள். வரைவதைவிட அது சுலபம், ஆனால் பத்துப் பேர் அவர் சொல்லுக்குப் பேனாவைக் கீழே வைப்பார்கள்.

மழைநாளில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடி, ஒரே தாளைச் சுற்றுக்கு விடுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம், முந்தினவர் விட்ட இடத்திலிருந்து. தாளை மடித்து, முந்தினவர் போட்டதை மறைத்து விளையாடுகிற முறையும் உண்டு. 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் என்ற, கனவு மாதிரிப் படைப்புகள் செய்த கலைஞர்கள் விளையாடியது அது. கடைசியில் விரித்துப் பார்த்தால் யானைக்கு ஆட்டோ சக்கரம் இருக்கும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

எனக்கு மூன்றாவது மாதம். ஆனால் அது தெப்பக்குளத்தில் தெரியவில்லை, கடையில் தெரிந்தது. ஜிஎஸ்டி கணக்குக்குப் புது மென்பொருள் வந்து, அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பையன் வந்திருந்தான். மளமளவென்று திரையில் எதையோ அழுத்திக்கொண்டே போனான். முதலாளி பக்கத்தில் நிற்கிறார். பழைய நானாக இருந்தால் தலையாட்டிவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே கண்டுபிடித்திருப்பேன். அன்றைக்கு, "தம்பி, அந்த மூணாவது இடத்துல நான் விட்டுட்டேன், திரும்பக் காட்டுப்பா" என்றேன். அவன் காட்டினான். முதலாளியும் குனிந்து பார்த்தார். அவருக்கும் அது புரிந்திருக்கவில்லை.

அதற்காக, படம் போட்டால் மேடையில் பேச வரும், நேர்காணலில் வேலை கிடைக்கும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் கை நடுங்கும். மனச்சோர்வு ஆழமாக இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இதை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. இது வைத்தியம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

சிலர் நாலு வாரம் வந்து நின்றுவிடுவார்கள். போன் போட்டு நச்சரிக்காதீர்கள். "இந்த வாரம் வழக்கமான இடம்தான்" என்ற ஒரு வரிச் செய்தி எல்லாருக்கும் போவது போல அவர்களுக்கும் போகட்டும். எங்களில் ஒருவர் ஏழு மாதம் கழித்து, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கடைசியாகப் பையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உபரியாக ஒரு பேனா, நாலு தாள். எந்தக் குளத்தங்கரையிலும் ஒரு வாண்டு வந்து நிற்கும், "எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க அக்கா" என்று. கொடுங்கள். கேட்ட மாத்திரத்தில் உட்கார்ந்து, யோசிக்காமல், குளத்தை ஒரே வட்டமாகப் போட்டு, உள்ளே இரண்டு மீனும் விடும். பேனா திரும்பி வராது. நான் குழுவின் செலவுக் கணக்கில் அதை வாரம் பத்து ரூபாய், 'இதர' என்று எழுதி வருகிறேன்.